பத்துப் பேர் கூடும் வீடு: சபையில் சிறு குழு எதற்கு?

ஞாயிறு ஆராதனை முடியும் நேரத்தில் அறிவிப்பு வாசிக்கிறார்கள்: "புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு மூன்றாம் தெரு சகோதரி வீட்டில் செல் குரூப்." அது என்ன என்று பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். "ஜெபக் கூட்டம்தான்" என்பார் ஒருவர். "பைபிள் ஸ்டடி" என்பார் இன்னொருவர். மூன்றாமவர், "சபையில் ஆள் கூட்டுவதற்கு இப்போது எல்லாரும் செய்கிறார்கள்" என்பார். வயதான ஐயா ஒருவர், "இப்படித்தான் ஆரம்பிப்பார்கள், அப்புறம் தனிச் சபை என்று போய்விடுவார்கள்" என்று கவலைப்படுவார்.

நால்வர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் சிறு குழுவை மற்றக் கூட்டங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது எதுவோ, அதை நால்வருமே சொல்லவில்லை. பல வருடங்களாக ஒரு சிறு குழுவைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில், புதிதாக வருகிறவர்களுக்கு நான் வாயால் சொல்லி வருவதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கல்யாண மண்டபமும் காய் நறுக்கும் இடமும்

ஒரு கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நேரத்தில் மண்டபத்தில் ஐந்நூறு பேர். எல்லாரும் நல்ல உடுப்பில் வந்திருக்கிறார்கள். "சௌக்கியமா?" "சௌக்கியம்." "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." அவ்வளவுதான் பேச முடியும். அதில் குறை ஒன்றும் இல்லை. அந்த இடத்துக்கு அந்தப் பேச்சு போதும்.

அதே கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி, வீட்டுக் கொல்லையில் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து காய் நறுக்குவார்கள். சித்தியின் மகனுக்கு வேலை போன விஷயம் அங்கேதான் வெளியே வரும். பெரியம்மாவுக்கு ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை என்பதும் அங்கேதான் தெரியும். "நாளைக்கு மறுநாள் நான் உங்களோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறேன்" என்று யாராவது சொல்வதும் அந்த வட்டத்தில்தான்.

ஞாயிறு ஆராதனை மண்டபம் மாதிரி. சிறு குழு காய் நறுக்கும் வட்டம் மாதிரி. மண்டபம் இல்லாமல் கல்யாணம் இல்லை. ஆனால் மண்டபத்தில் மட்டுமே பார்த்துக்கொள்ளும் சொந்தக்காரர்களுக்கு ஒருவர் வீட்டுக் கஷ்டம் மற்றவருக்குத் தெரியாது.

இப்போது விளக்கத்தைச் சொல்லிவிடலாம். சிறு குழு என்பது ஒரே சபையைச் சேர்ந்த ஏறக்குறைய ஆறு முதல் பன்னிரண்டு பேர், ஆள் மாறாமல், தவறாமல், பெரும்பாலும் ஒரு வீட்டில் கூடி, வேதத்தையும் தங்கள் வாழ்க்கையையும் சேர்த்து வைத்துப் பேசி, ஒருவருக்காக ஒருவர் ஜெபித்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது. செல் குரூப், வீட்டுக் குழு, பகுதிக் குழு, கேர் குரூப் என்று சபைக்குச் சபை பேர் மாறும். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளில் இதற்கு நெருங்கிய உறவுள்ள அமைப்புக்கு அன்பியம் என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். அது குடும்பங்களைக் கணக்கில் கொள்வதால் கொஞ்சம் பெரியது. அதைப் பின்னால் பார்ப்போம்.

"ஒருவருக்கொருவர்" என்ற கட்டளையை எங்கே செய்வது?

புதிய ஏற்பாட்டு நிருபங்களை வாசிக்கும்போது ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: ஒருவருக்கொருவர், ஒருவரையொருவர். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்க வேண்டும் என்கிறது கலாத்தியர். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணச் சொல்கிறது யாக்கோபு. தேற்றுங்கள், தாங்குங்கள், மன்னியுங்கள், உபசரியுங்கள் என்று இந்த வரிசை நீளும்.

நானூறு பேர் முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஆலயத்தில் இதில் எதைச் செய்ய முடியும்? பாடலாம், கேட்கலாம், திருவிருந்தில் பங்கு பெறலாம், சமாதானம் சொல்லிக் கைகூப்பலாம். பக்கத்தில் இருப்பவருடைய பாரம் என்ன என்றே தெரியாதபோது அதை எப்படிச் சுமப்பது? இந்தக் கட்டளைகளைச் செய்ய ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார வேண்டும், அதுவும் தொடர்ந்து.

ஆதிச் சபைக்கு இந்தப் பிரச்சினை அவ்வளவாக இல்லை, ஏனென்றால் அவர்கள் கூடியதே வீடுகளில். எருசலேமில் விசுவாசிகள் தேவாலயத்திலும் தரித்திருந்தார்கள், வீடுகள்தோறும் அப்பமும் பிட்டார்கள் என்று அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. ரோமில் பிரிஸ்கில்லா, ஆக்கில்லா தம்பதியின் வீட்டில் ஒரு சபை. பிலேமோன் வீட்டில் ஒன்று. நிம்பா வீட்டில் ஒன்று. பவுலின் வாழ்த்துரைகளில் இவையெல்லாம் பெயரோடு வருகின்றன. சிரியாவில் தூரா யூரோப்போஸ் என்ற ஊரில் தோண்டி எடுத்த, 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆலயமே சாதாரண வீட்டை மாற்றிக் கட்டியதுதான். 4ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் காலத்தில் பெரிய ஆலயங்கள் எழுந்தன. அது நல்லதுதான். ஆனால் வீட்டில் தானாக நடந்துகொண்டிருந்த பலவற்றை அதன் பிறகு யாராவது முயற்சி எடுத்து நடத்த வேண்டியதாயிற்று.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஐக்கியம் என்று நாம் அடிக்கடி சொல்வது கிரேக்கத்தில் கொய்னோனியா. பங்கு போட்டுக்கொள்வது, கூட்டாளியாக இருப்பது என்பது அதன் அடிப்படைப் பொருள். ஆராதனை முடிந்து காப்பி குடிப்பது ஐக்கியத்துக்கு வாசல் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஐக்கியம் என்பது பணமோ பாரமோ சந்தோஷமோ, ஒருவருடையது இன்னொருவருக்கும் ஆவது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: சபை முழுதாகக் கூடும்போது செய்யக் கூடியவை சில, சிலர் மட்டும் கூடும்போதே செய்யக் கூடியவை சில. இரண்டையும் வேதம் கேட்கிறது. இரண்டாவதற்கு இடம் கொடுப்பது சிறு குழு.

ஏன் சிறியதாக இருக்க வேண்டும்? ஒரு சின்னக் கணக்கு

"சிறு" என்பது ஏதோ அடக்கமான பெயர் என்று சிலர் நினைக்கிறார்கள். இருபத்தைந்து பேர் வந்தால் நல்லதுதானே, ஆசீர்வாதம் தானே என்று கேட்பார்கள். கூட்டத்துக்கு நல்லது. குழுவுக்கு நல்லதல்ல. காரணம் எளிய கணக்கு.

பத்துப் பேர் இருக்கும் அறையில் இருவர் இருவராக எத்தனை உறவுகள் இருக்க முடியும்? 45. இருபது பேர் ஆனால் அது 90 ஆகாது, 190 ஆகிவிடும். 200 பேர் ஆராதிக்கும் சபையில் 19,900. ஆள் இரண்டு மடங்கானால் உறவு நான்கு மடங்குக்கு மேலே போகிறது. அத்தனையும் காக்க எந்த மனிதராலும் முடியாது.

நேரத்தையும் பாருங்கள். ஒரு மணி நேரம் பேசுவதற்கு இருக்கிறது. பத்துப் பேர் என்றால் ஆளுக்கு ஆறு நிமிடம். முப்பது பேர் என்றால் இரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்தில் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். "கர்த்தர் நல்லவர், எல்லாம் நல்லாயிருக்கு" என்று உட்கார்ந்துவிடுவார்கள். பதினைந்தைத் தாண்டினாலே அறை இரண்டாகப் பிரிவதை நான் பார்த்திருக்கிறேன். பேசுகிற நான்கு பேர் ஒரு பக்கம், கேட்கிற மற்றவர்கள் ஒரு பக்கம். அதன் பிறகு அது ஒரு சின்ன ஆராதனை, அவ்வளவுதான்.

இன்னொன்று, வராதவரைப் பற்றியது. எனக்கு இதுவே முக்கியமானது. ஆலயத்தில் ஒருவர் மூன்று வாரம் வராவிட்டால் கவனிக்கப்படாமலே போகலாம். எட்டுப் பேர் உட்காரும் வட்டத்தில் ஒரு பாய் காலியாக இருந்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே, "அண்ணன் ஏன் வரவில்லை?" என்ற கேள்வி வரும். யாராவது போன் செய்வார்கள். எங்கள் குழுவில் அப்படி ஒரு போன் போனபோதுதான், அந்த வீட்டில் மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கவும் ஆள் இல்லை என்று தெரிந்தது. அன்றைக்கு வேதபாடம் நடக்கவில்லை. இரண்டு பேர் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள், மற்றவர்கள் ஜெபித்துவிட்டுக் கலைந்தோம்.

நம் ஊர் மகளிர் சுய உதவிக் குழுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டிலிருந்து இருபது பேர், வாராவாரம் கூடுவார்கள், சிறு தொகை சேமிப்பார்கள். அடமானம் இல்லாத பெண்களுக்கு வங்கி கடன் கொடுக்க முடிந்தது எதனால்? ஒருவர் வீட்டு நிலைமை மற்றவருக்குத் தெரியும், ஒருவர் தடுமாறினால் மற்றவர்கள் போய் நிற்பார்கள். அந்த அறிமுகமே பிணையாக இருந்தது. சிறு குழு வேலை செய்வதும் அதே வகையில்தான். இந்த ஒப்புமை வெறும் உவமையாக நின்றுவிடவில்லை. சிறு குழு வரலாற்றின் மிக முக்கியமான ஒரு திருப்பமே வாரம் ஒரு பென்னி (இங்கிலாந்தின் சிறு காசு) வசூலில்தான் தொடங்கியது.

பிரிஸ்டல், 1742: கடன் வசூலிக்கப் போனவர்கள்

ஜான் வெஸ்லி (1703–1791) இங்கிலாந்துத் திருச்சபையின் குரு. மெதடிஸ்ட் இயக்கம் அவரிடமிருந்து வந்தது. பிரிஸ்டல் நகரத்தில் 1739இல் "நியூ ரூம்" என்ற கூடத்தை அவர்கள் கட்டினார்கள். அது இன்றும் நிற்கிறது. கட்டியதில் கடன் நின்றுவிட்டது. 1742 பிப்ரவரி 15ஆம் தேதி, அந்தக் கடனை எப்படி அடைப்பது என்று பேசக் கூடினார்கள்.

கேப்டன் ஃபாய் என்ற ஓய்வு பெற்ற கப்பல் தலைவர் எழுந்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுத்தால் கடன் அடைந்துவிடும் என்றார். பலர் ஏழைகள், அவர்களால் அதுவும் முடியாதே என்று ஒருவர் சொன்னார். அதற்கு அவர் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: மிகவும் ஏழையாக இருக்கும் பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள். வாரா வாரம் அவர்களைப் போய்ப் பார்க்கிறேன். கொடுக்க முடிந்தால் சரி. முடியாவிட்டால் அவர்களுக்காக நானே கொடுத்துவிடுகிறேன்.

அந்த ஏற்பாடு எல்லாருக்கும் பிடித்தது. சபையைப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒருவரைப் பொறுப்பாக வைத்தார்கள். அந்தப் பிரிவுக்கு கிளாஸ் என்று பெயர். பள்ளிக்கூட வகுப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்குப் பிரிவு என்றே பொருள்.

அதன் பிறகு யாரும் திட்டமிடாத ஒன்று நடந்தது. பென்னி வாங்க வீடு வீடாகப் போனவர்கள் வாசலில் நின்று, உள்ளே நடப்பதைப் பார்த்தார்கள். ஒரு வீட்டில் புருஷன் மனைவியோடு சண்டை. இன்னொரு வீட்டில் குடி. இதை அவர்கள் வந்து வெஸ்லியிடம் சொன்னபோது, இவ்வளவு காலம் நாம் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று அவருக்கு உடனே பட்டது. பிரசங்கம் கேட்டு மனம் திரும்பியவர்களை யார், எப்படித் தொடர்ந்து கவனிப்பது என்ற கேள்விக்கு விடை பண வசூலின் வழியாக வந்து சேர்ந்தது.

வீடு வீடாகப் போவதில் சிக்கல்கள் இருந்தன. வேலைக்காரராக இருக்கும் விசுவாசியைப் பார்க்க எஜமான் விடுவதில்லை, தனியாகப் பேச இடம் கிடைப்பதில்லை. அதனால் பன்னிரண்டு பேரும் வாரம் ஒரு முறை ஓரிடத்தில் கூடுவது என்று மாற்றினார்கள். ஒவ்வொருவரும் அந்த வாரம் தன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று சொல்வார். தலைவர் முதலில் தன்னுடையதைச் சொல்லிவிட்டு மற்றவர்களைக் கேட்பார். பெண்களும் தலைவர்களாக இருந்தார்கள். இதைவிட நெருக்கமாகப் பேச விரும்பியவர்களுக்கு பேண்ட் என்று இன்னும் சிறிய குழு, ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி.

இதற்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல் நம் வேதாகமத்திலேயே இருக்கிறது: கணக்கொப்புவித்தல். தன் நடக்கையைப் பற்றித் தேவனுக்குச் சொல்ல வேண்டிய பதில் என்ற பொருளில் வரும் சொல். சிறு குழுவில் அது நம்பிக்கையுள்ள சிலரிடம், அன்போடு, முன்கூட்டியே சொல்லிப் பழகுவதாக ஆகிறது. கேப்டன் ஃபாய் முதலில் ஏற்றுக்கொண்டது பதினொரு பேருடைய பாக்கியைத் தான் கட்டுவது என்பதை மறந்துவிடாதீர்கள். கேட்பவர் முதலில் தன் கையிலிருந்து கொடுத்தவராக இருந்தார். அது இல்லாமல் கேள்வி மட்டும் கேட்கும் இடம் சிறு குழு ஆகாது.

நடுவில் தரங்கம்பாடி வருகிறது

இந்தக் கதையில் நம் கடற்கரைக்கு ஓர் இடம் இருக்கிறது. அது தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

ஜெர்மனியில் பிராங்ஃபர்ட் நகரத்தின் லுத்தரன் குரு ஃபிலிப் யாக்கோப் ஸ்பேனர், 1670இல் தன் வீட்டில் சிலரைக் கூட்டி வேதத்தையும் பக்தி நூல்களையும் பேசத் தொடங்கினார். சபையில் பிரசங்கம் மட்டும் போதாது, சாதாரண விசுவாசிகள் வேதத்தை எடுத்துப் பேச வேண்டும் என்று 1675இல் எழுதினார். அந்த வழியில் எழுந்த பக்தி இயக்கத்தை பயட்டிசம் என்பார்கள். ஹாலே நகரத்தில் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே அதை வளர்த்தார். அந்த வட்டத்திலிருந்து, டென்மார்க் அரசர் அனுப்பி, 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரிகளே சீகன்பால்கும் புளூட்சோவும்.

அவர்கள் எழுதி அனுப்பிய செய்திகள் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு லண்டனில் அச்சாயின. அந்தப் புத்தகம் எப்வர்த் என்ற கிராமத்துக் குருமனைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வீட்டு அம்மா சூசன்னா வெஸ்லி, ஜானின் தாய். 1711–12 குளிர்காலத்தில் அவருடைய கணவர் லண்டனில் இருந்தார். தரங்கம்பாடிச் செய்தியை மகள் எடுத்து வாசித்துக் காட்ட, சூசன்னாவின் மனம் அசைந்தது. நான் ஆண் அல்ல, குருவும் அல்ல; ஆனாலும் இன்னும் அதிகமாக ஏதாவது செய்யலாமே என்று நினைத்தார். கணவருக்கு 1712 பிப்ரவரியில் எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் அவரே சொல்கிறார்.

என்ன செய்தார்? முதலில் தன் பிள்ளைகளிடம் தொடங்கினார். ஒவ்வொரு ராத்திரியும் ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசுவது என்று முறை வைத்தார். வியாழக்கிழமை ஜானுடைய முறை. அவருக்கு அப்போது எட்டு வயது. ஞாயிறு மாலை குடும்ப ஜெபத்துக்கு வேலைக்காரர்கள் வந்தார்கள், அவர்கள் வழியாக அக்கம்பக்கத்தார் வந்தார்கள், கடைசியில் இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள், இடமில்லாமல் பலர் திரும்பிப் போனார்கள். பெண் கூட்டம் நடத்துவதா என்று புகார் போயிற்று. நிறுத்தச் சொன்ன கணவருக்கு அவர் எழுதிய பதில் உறுதியானது: விருப்பம் என்று சொல்லாதீர்கள், கட்டளையாகவே எழுதுங்கள், இந்த ஆத்துமாக்களுக்கு நன்மை செய்யும் வாய்ப்பை விட்டதற்கான குற்றம் நியாயத்தீர்ப்பு நாளில் என் மேல் வராதபடி அது இருக்கட்டும்.

இருபது வருடம் கழித்து, 1732இல், ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியராக இருந்த ஜான் தன் தாய்க்கு எழுதினார்: அந்த வியாழன் மாலையில் எனக்குக் கொடுத்த சிறு நேரத்தை இப்போதும் எனக்காக ஒதுக்க முடியுமா? 1738 மே 24ஆம் தேதி தன் இருதயம் விசேஷமாக அனல்கொண்டதாக அவர் எழுதிய அந்த அனுபவமும், லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் சிலர் கூடி ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்ட ஒரு கூட்டத்தில் நடந்ததுதான். அதற்கு நாலு வருடம் கழித்து அந்தப் பிரிஸ்டல் கூட்டம்.

மெதடிஸ்டுகளின் தமிழ்நாட்டுப் பணியின் ஒரு பெரும் பகுதி 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தது. அந்தச் சபையில் உட்கார்ந்து, "செல் குரூப் எல்லாம் புதுசாக எங்கிருந்தோ வந்தது" என்று யாராவது சொல்லும்போது இந்தக் கதையைச் சொல்லிவிடத் தோன்றும்.

சுருக்கமாக: பிராங்ஃபர்டில் ஒரு வீடு, ஹாலே, தரங்கம்பாடி, எப்வர்த்தில் ஒரு வீடு, பிரிஸ்டல். சபைக்குள்ளேயே இருந்து சபையை உயிர்ப்பிக்கும் சிறு கூட்டம் என்ற எண்ணம் இப்படிக் கைமாறி வந்தது.

அப்படியானால் ஜெபக் கூட்டத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நம் சபைகளில் வீட்டு ஜெபக் கூட்டம் நெடுநாளாக இருக்கிறது. இரண்டு கீர்த்தனை, ஒரு வேத வாசிப்பு, உபதேசியார் அல்லது போதகரின் செய்தி, ஜெபக் குறிப்புகள், ஜெபம், காப்பி. அருமையான வழக்கம். என் பாட்டி வாழ்ந்ததே அதில். ஆனால் அங்கே பேசுகிறவர் ஒருவர், கேட்கிறவர்கள் பலர். வாரா வாரம் வீடு மாறும், ஆளும் மாறும். ஜெபக் குறிப்பு என்று வருவது பெரும்பாலும் உடல்நலம், வேலை, பரீட்சை, கல்யாணம். "என் கோபத்தால் என் பையன் என்னோடு பேசுவதில்லை" என்பது அந்த இடத்தில் வராது. வரவும் கூடாது, ஏனென்றால் பழக்கமில்லாதவர்கள் இருக்கிறார்கள்.

சிறு குழுவின் மாலை வேறு மாதிரி. பாட்டு ஒன்று போதும். வேதப் பகுதி சின்னதாக, பத்து வசனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் பிரசங்கிக்க மாட்டார்கள். பொறுப்பில் இருப்பவர் கேள்வி கேட்பார்: இதில் எந்த வார்த்தை உங்களை நிறுத்தியது? இந்த வாரம் இது உங்கள் வீட்டில் எப்படி இருக்கும்? பிறகு ஆளுக்கு ஆள் தங்கள் வாரத்தைச் சொல்வது. போன வாரம் சொன்னது என்னாயிற்று என்று கேட்பது. கடைசியில் ஒருவருக்காக ஒருவர் பெயர் சொல்லி ஜெபம்.

கேள்வி கேட்பதைவிடக் கடினம் பேசாமல் இருப்பது. கேள்வி கேட்ட பிறகு அறையில் அமைதி விழும். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் தலைவரே பதில் சொல்லிவிட்டால், அடுத்த வாரத்திலிருந்து எல்லாரும் அவர் வாயைத்தான் பார்ப்பார்கள். பத்து விநாடி காத்திருங்கள். மூலையில் உட்கார்ந்திருக்கும், எழுத்துக் கூட்டி வாசிக்கும் அக்கா பேசத் தொடங்குவார். அவர் சொல்வதைக் கேட்கவே அந்த மாலைக்கு வந்திருக்கலாம்.

கத்தோலிக்க அன்பியங்களில் பயன்படும் ஏழு படி நற்செய்திப் பகிர்வு இந்த அமைதிக்கு ஒரு தனிப் படியே வைத்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவாக்கிய முறை இது: ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, மனதில் தங்கிய சொற்களைத் திரும்பச் சொல்வது, மௌனம், பகிர்வு, செய்ய வேண்டிய வேலையைப் பேசுவது, ஜெபம். குருவானவர் இல்லாமலே நடத்தலாம். 1968இல் லத்தீன் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் கொலம்பியாவின் மெடலினில் கூடி, அக்கம்பக்கத்து விசுவாசிகள் சேரும் சிறு கூட்டங்களான அடித்தளக் கிறிஸ்தவச் சமூகங்களை ஊக்குவித்தார்கள்; 1990இல் ஆசிய ஆயர்கள் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் கூடி, திருச்சபை சமூகங்களின் சமூகமாக இருக்க வேண்டும் என்றார்கள். அன்பியம் அந்த ஓட்டத்தில் வருவது. தெருவில் தண்ணீர் வரவில்லை என்றால் அதையும் பேசிச் செயலில் இறங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் அது புராட்டஸ்டண்ட் செல் குழுக்களைவிட ஒரு படி முன்னே இருக்கிறது என்பது என் எண்ணம்.

சபை வளர்ச்சிக்கான உத்தியா?

இந்தப் பேச்சு வந்ததற்குக் காரணம் தென்கொரியா. சியோலில் 1958இல் கூடாரத்தில் தொடங்கிய ஒரு சபையின் போதகர் யோங்கி சோ, எல்லா வேலையையும் தானே சுமந்து 1964இல் சோர்ந்து விழுந்தார். படுக்கையில் இருந்தபோது யாத்திராகமம் 18ஐ வாசித்தார். காலைமுதல் மாலைமட்டும் தனியே உட்கார்ந்து ஜனங்களை நியாயம் விசாரித்த மோசேக்கு மாமனார் எத்திரோ சொன்ன ஆலோசனை அது: ஆயிரத்துக்கும் நூறுக்கும் ஐம்பதுக்கும் பத்துக்கும் தலைவர்களை வை. சோ வீட்டுக் குழுக்களை ஏற்படுத்தினார். அன்றைய கொரியச் சமுதாயத்தில் பெண்களைத் தலைவர்களாக வைத்தது பெரிய துணிச்சல். யொய்டோ முழு நற்செய்திச் சபை உலகத்தின் மிகப் பெரிய சபைகளில் ஒன்றானது. குழு பெருகினால் உயிரணு மாதிரி இரண்டாகப் பிரிவதால் "செல்" என்ற பெயர் பொருந்திப் போயிற்று.

பல போதகர்கள் அங்கே எடுத்துக்கொண்டது எண்ணிக்கையை. எத்திரோவின் ஆலோசனை ஆள் சேர்ப்பதற்கு அல்ல, இருக்கிற ஆட்கள் பார்த்துக்கொள்ளப்படுவதற்கு. ஆறு மாதத்தில் இரண்டாகப் பிரிந்தே ஆக வேண்டும் என்று இலக்கு வைத்தால், நம்பி மனம் திறக்கத் தொடங்கும் நேரத்தில் வட்டத்தைக் கலைக்கிறோம். வளர்ந்தால் பிரியட்டும். பிரிவதற்காக வளர்க்க வேண்டாம்.

கெட்டுப்போகும் இடங்கள்

முதலாவது, ரகசியம். குழுவில் சொன்ன ஒரு குடும்ப விஷயம், யாருடைய "ஜெபக் குறிப்பு" வழியாகவோ ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் நிற்கும். ஒரு தடவை அப்படி நடந்தால் போதும், அந்தக் குழுவில் அதன் பிறகு உண்மை பேச மாட்டார்கள். இங்கே சொல்வது இந்தச் சுவருக்குள் இருக்கும் என்று முதல் நாளே வாய்விட்டு எல்லாரும் சொல்லிக்கொள்ள வேண்டும். அடி, வன்முறை, குழந்தைகளுக்கு ஆபத்து, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் ரகசியம் காக்கக் கூடாது; தகுந்த உதவிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது சாதி. இதைப் பேசாமல் தமிழ்ச் சபைகளில் சிறு குழுவைப் பற்றிப் பேசுவது நேர்மையாக இருக்காது. தெரு வாரியாகக் குழு பிரிப்பது வசதி. ஆனால் பல ஊர்களில் தெரு என்றால் சாதி. ஒரே திருவிருந்துப் பாத்திரத்தில் பங்கு பெறுபவர்கள் ஒருவர் வீட்டில் மற்றவர் உட்கார்ந்து டீ குடிக்காத நிலையைச் சிறு குழுக்கள் இன்னும் இறுக்கிவிட முடியும். பவுல் அந்தியோகியாவில் பேதுருவை முகமுகமாய் எதிர்த்ததே ஒரு பந்தியில் யாரோடு உட்காருவது என்பதற்காக. கொஞ்சம் தூரம் நடக்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை, தெருக்களைக் கலந்து குழு அமையுங்கள். எல்லா வீட்டுக்கும் போங்கள், எல்லா வீட்டிலும் சாப்பிடுங்கள்.

சாப்பாடு என்றதும் நினைவுக்கு வருவது பலகாரம். முதல் வீட்டில் டீ. இரண்டாவது வீட்டில் வடை. மூன்றாவது வீட்டில் கேசரியும் சேரும். நாலாவது வீட்டுக்காரர், "எங்கள் வீட்டில் இடம் போதாது" என்று சொல்லி நின்றுவிடுவார். இடம் காரணமாக இருக்காது. டீயும் பிஸ்கட்டும் தவிர வேறு எதுவும் இல்லை, எல்லாரும் தரையில்தான் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால் அந்த வீட்டுக் கதவும் திறக்கும்.

தனிச் சபை என்று போய்விடுவார்கள் என்று தொடக்கத்தில் கவலைப்பட்ட அந்த ஐயாவின் பயத்துக்கும் இடம் இருக்கிறது. ஸ்பேனரைப் பின்பற்றியவர்களில் சிலர், தாங்களே உண்மைக் கிறிஸ்தவர்கள் என்று சபையை விட்டு விலகிப்போனார்கள். ஸ்பேனருக்கு அது பெரிய மனவருத்தம். ஞானஸ்நானம், திருவிருந்து, எல்லாரும் சேர்ந்த ஆராதனை ஆகியவை முழுச் சபைக்கு உரியவை என்பதில் குழு தெளிவாக இருக்க வேண்டும். சபையின் ஆயருக்கு, அதாவது போதகருக்கு, தெரியாமல் குழு நடக்கக் கூடாது. ஆயரும் சந்தேகப்படுவதற்காக இல்லாமல் தலைவர்களைத் தாங்குவதற்காக மாதம் ஒரு முறை அவர்களோடு உட்கார வேண்டும்.

மெதடிஸ்ட் கிளாஸ்கள் பின்னால் மங்கியது வேறு விதம். பிரிவினை அங்கே காரணம் இல்லை, பழக்கதோஷம். 19ஆம் நூற்றாண்டில் பல இடங்களில் ஒரே சாட்சியை ஒரே வார்த்தைகளில் வாரா வாரம் சொல்வதும், அதற்குத் தலைவர் ஒரு சிறு உபதேசம் சொல்வதும் என்று காய்ந்துபோயின. அதற்கு மருந்து அந்தப் பழைய கேள்விதான், ஆனால் இந்த வாரத்தைப் பற்றி: போன புதனிலிருந்து இந்தப் புதன் வரைக்கும் எப்படி இருந்தது?

தொடங்க நினைத்தால்

ஆயரிடம் பேசிவிட்டு மூன்று வீட்டாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம் என்று எல்லை வையுங்கள். முடிவு தெரிந்தால் தயங்குகிறவர்களும் வருவார்கள். மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள், அது சின்னது, வேகமாக நகரும். ஏழு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்துவிடுங்கள், பேச்சு நன்றாகப் போனாலும். மறுநாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது நீங்கள் காட்டும் மரியாதை. பாய்களை வட்டமாகப் போடுங்கள். ஒரு பாயைக் கூடுதலாக விரியுங்கள். யாராவது வரவில்லை என்றால், அன்று ராத்திரி தூங்குவதற்கு முன் யார் போன் செய்வது என்று பேசி வைத்துக்கொண்டு கலையுங்கள்.